நாற்பது நிமிட முக்காலி

ஓசூர் வட்டாரத்தில் அதிகாரிகளை உட்கார வைத்த ஒரே மனிதர் முக்காலிதான். மற்ற நாங்கள் எல்லாரும் அதிகாரிகளைக் கண்டால் எழுந்து நிற்கிற ஜாதி. ஜீப் சத்தம் தெருமுனையில் கேட்டாலே என் முழங்கால் தானாக நிமிர்ந்துகொள்ளும். பொறுப்புத் தலைமையாசிரியராக இருந்த வருடங்களில் நான் செய்த உடற்பயிற்சி அது ஒன்றுதான்.

முக்காலி எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியர். ஆசிரியர் சங்கத்தின் வட்டாரக் கிளைக்குச் செயலாளர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. பிள்ளைகளுக்கு முக்காலி சார். டவுன் பஸ் கண்டக்டர்களுக்கு முக்காலி வாத்தியாரு. கல்வி அலுவலகத்தில், படியேறி வரும் சத்தம் கேட்டதும், "வந்துருச்சுப்பா முக்காலி."

பள்ளி, கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கம். ஒருபுறம் ரோஜா வளர்க்கிற பிளாஸ்டிக் கூடாரங்கள், மறுபுறம் லேத் பட்டறைகள். காற்று ஒரு திசையில் அடித்தால் வகுப்பு முழுக்கப் பூ மணக்கும். திரும்பினால் இரும்பும் எண்ணெயும். இரண்டுக்கும் நடுவில் எட்டு வகுப்புகள், ஐந்து ஆசிரியர்கள், தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைகள், கம்பெனி பஸ்கள் கிளப்பிவிட்டுப் போகும் புழுதி.

பெயர் வந்த கதை இப்படி. ஒரு வருடம் ஆய்வுக்கு வந்த அதிகாரி, ஏழாம் வகுப்பு வாசலில் ஒரு கால் வராந்தாவிலும் ஒரு கால் வகுப்பிலுமாக நின்றார். கையில் போன். வெளியே ஜீப் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே பின்னங்கள். மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டிக்கொண்டிருந்தார்கள். விடை வருவதற்குள் ஜீப் நகர்ந்துவிட்டது. சாயங்காலம் படிவம் வந்தது: 'கற்பிக்கும் முறை மேம்பட வேண்டும்.'

முக்காலிக்குக் கோபம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது.

"மேம்படணும்ங்கறாரு. சரிங்க, ஒத்துக்கறேன். ஆனா எதுல மேம்படணும்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? விடை வர்றதுக்குள்ள போயிட்டாரே. ஒரு தோசை வேகற நேரம்கூட நிக்கலையே, எச்செம் சார்."

அன்றே போய், வெல்டிங் பட்டறை வைத்திருந்த பழைய மாணவனிடம் சொன்னார்: "டேய், மூணாங்கிளாஸ் பெஞ்சு ஒசரத்துக்கு உக்கார்றதுக்கு ஒண்ணு போட்டுக் குடு." அவன் மிச்சம் கிடந்த கம்பியிலும் ஒரு வட்டத் தகட்டிலும் வேலையை முடித்து, எந்த மெஷினுக்கோ அடித்து மீந்த பச்சை பெயிண்ட்டை அதன் மேல் பூசிக் கொடுத்தான். மூன்று கால். எங்கள் பள்ளித் தரையில் நான்கு கால் எதுவும் ஆடாமல் நின்றதில்லை. அது நின்றது.

பிற்பாடு சங்கக் கூட்டம் ஒன்றில் தலைவர் மைக்கைப் பிடித்து, "நமது செயலாளரின் முக்காலியில் ஒரு தத்துவம் இருக்கிறது. ஆசிரியர் ஒரு கால், பெற்றோர் ஒரு கால், அரசு ஒரு கால்..." என்று கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். கடைசி வரிசையிலிருந்து முக்காலியின் குரல் வந்தது: "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நாலாவது காலுக்குக் கம்பி பத்தல."

அந்தப் பொருளை அவர் மட்டும் ஸ்டூல் என்பார். முக்காலி என்ற பெயரை ஊர் அவருக்குக் கொடுத்துவிட்டதால் அதற்கு வேறு பெயர் தேவைப்பட்டது.

அடுத்த ஆய்வுக்கு வேறோர் அதிகாரி வந்தார். நல்ல ஆகிருதி. வழக்கம்போல வாசலில் நின்றார். முக்காலி வகுப்பின் கடைசியில், பிள்ளைகளின் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுத் துண்டால் துடைத்தார்.

"உக்காருங்க சார். பாடம் நாப்பது நிமிசம்."

"பரவால்ல, பரவால்ல. நீங்க நடத்துங்க."

அதிகாரிக்கு வீட்டில் எந்த மொழியோ என்று முக்காலி எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார். "கூர்ச்சோண்டி சார்," என்றார் தெலுங்கில். "கூத்கொள்ளி சார்," என்றார் கன்னடத்தில். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் மூன்று மொழியில் உட்காரச் சொன்ன பிறகும் நின்றுகொண்டிருக்க ஒரு மனிதனால் முடியாது. அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்து உட்கார்ந்து இன்னும் கீழே போய்க்கொண்டே இருந்தார். மூன்றாம் வகுப்புப் பெஞ்சு உயரம் என்றால் சும்மாவா.

ஐந்து நிமிடத்தில் கீழேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க, போர்டுல கீழ்ப்பாதி ஒண்ணுமே தெரியல. ஒரே வெளிச்சமா அடிக்குது."

"ஆமாங்க சார். அதைத்தான் ரெண்டு வருசமா உங்களுக்கு எழுதிக்கினு இருக்கறோம்."

எதிர் ஜன்னல் வெயில் பலகையில் பட்டுப் பளபளப்பது வாசலில் நிற்கிறவருக்குத் தெரியாது. அங்கே உட்காருகிறவனுக்குத்தான் தெரியும். பாடம் முடிந்ததும் அவரை எழுப்ப எட்டாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட வேண்டியிருந்தது. எழுந்தவர் சிரிக்கவில்லை. ஆனால் படிவத்தில் பலகையைப் பற்றி எழுதினார். ஆறேழு மாதத்தில் புதுப் பலகை வந்தது. பச்சை நிறம், ஸ்டூலுக்குப் பொருத்தமாக.

பிறகு வட்டாரம் முழுக்க ஸ்டூலைக் கேட்க ஆரம்பித்தார்கள். எங்கே ஆய்வு என்றாலும் முக்காலிக்குப் போன் வரும். விடுப்புப் போட்டுவிட்டு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவார். ஷிஃப்ட் விடுகிற நேரத்து பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. அவர் நடுவில் ஸ்டூலைப் போட்டு அதில் ஒரு கர்ப்பிணியையோ கைக்குழந்தைக்காரியையோ உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் கம்பியைப் பிடித்து நிற்பார். ஒரு புதுக் கண்டக்டர் வந்து மாட்டிக்கொண்டான்.

"வாத்யாரே, இதுக்கு லக்கேஜ் போடணும்."

"லக்கேஜா? இதுல ஒரு அம்மா உக்காந்துருக்காங்கப்பா. சீட்டுக்கு எவனாவது லக்கேஜ் போடுவானா?"

"அப்ப சீட்டுன்னு சொல்றீங்களா?"

"ஆமா. உன் பஸ்ல ஒரு சீட்டு அதிகமாயிருக்குது. டிப்போல போயி சொல்லு, சந்தோசப்படுவாங்க."

சங்கத்துக்காரர்கள் இதையெல்லாம் கைதட்டி ரசித்தார்கள். ஸ்டூல் தங்கள் பக்கம் திரும்பும் வரைக்கும்.

முக்காலிக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஆய்வில் தனக்குத் தப்பாக மார்க் போட்டுவிட்டார்கள் என்று எந்த உறுப்பினர் வந்து நின்றாலும், மனுவை வாங்குவதற்கு முன் அந்த உறுப்பினரின் வகுப்பில் போய் உட்காருவார். மனைகள் விற்கும் பக்கத்தொழில் செய்துகொண்டிருந்த ஓர் ஆசிரியருக்கு மெமோ வந்தது. ஓசூரில் மனை விற்காதவர் யார் என்று கேட்பீர்கள். இவர் வகுப்பு நேரத்தில் விற்றார். கரும்பலகையின் மூலையில் லே-அவுட் வரைபடம் அழியாமல் இருந்தது என்பது என் மிகை அல்ல, நான் பார்த்தது. முக்காலி ஒரு நாள் முழுக்க அங்கே உட்கார்ந்துவிட்டு வந்து, சங்க நோட்டில் இரண்டு வரி எழுதினார்: 'இவருக்காகச் சங்கம் பேசாது. வகுப்பில் இவரே பேசுவதில்லை.'

"நான் பத்து வருசமா சந்தா கட்றேன்யா," என்று அவர் பாய்ந்தார்.

"அதுக்குச் சங்க டைரி குடுத்துருக்கறோமே," என்றார் முக்காலி.

பள்ளி வாசலில் ஒரு பலகையும் வைத்தார். இடது பக்கம் 'இருப்பது', வலது பக்கம் 'இருக்க வேண்டியது'. ஆசிரியர் ஐந்து, எட்டு. கழிப்பறைக் கதவுத் தாழ்ப்பாள் பூஜ்யம், நான்கு. அதற்குக் கீழே 'இன்று தாமதமாக வந்த ஆசிரியர்' என்று ஒரு வரி. ஆசிரியர்கள் கொதித்தார்கள். சங்கச் செயலாளரே இப்படிச் செய்யலாமா என்று கேட்டார்கள். "அவங்க கடமைய மேல எழுதினா நம்ம கடமையக் கீழ எழுதணும்ல? அப்பத்தான் மேல எழுதனத எவனாவது நம்புவான்." ஒரு நாள் சரக்கு லாரி கவிழ்ந்து நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டது. முக்காலி இருபது நிமிடம் தாமதம். நேராகப் பலகைக்குப் போய்த் தன் பெயரைத் தானே எழுதிவிட்டுத்தான் வகுப்புக்குப் போனார். அன்றுதான் பாதிப் பிள்ளைகளுக்கு அவருக்கு ஒரு பெயர் இருப்பதே தெரிந்தது.

இனி நாகவேணி டீச்சர். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

நாகவேணி டீச்சருக்கு நான்காம் வகுப்பு. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், வகுப்பில் தமிழ். அந்த வகுப்பும் அவரைப் போலத்தான். கட்டட வேலைக்கும் பட்டறை வேலைக்கும் வருகிறவர்களின் பிள்ளைகள். ஒப்பந்தக்காரர் மாறினால் குடும்பம் மாறும். போன மாதம் கடைசிப் பெஞ்சில் இருந்த பையன் இந்த மாதம் வேறு மாநிலத்தில் இருப்பான். அவன் இடத்தில் வேறொரு மாநிலம் வந்து உட்கார்ந்திருக்கும். டீச்சர் பலகையின் ஓரத்தில் 'மழை' என்று எழுதி, அதற்குக் கீழே வான, மளே, பாரிஷ், பர்ஷா என்று அத்தனை பேர் வீட்டு மழையையும் எழுதி வைத்திருப்பார். எந்த மழையிலிருந்து வந்தவனும் தமிழ் மழைக்கு வந்து சேர ஒரு வழி.

ஒரு நாள் இரண்டு பேர் கொண்ட ஆய்வுக் குழு வந்தது. முக்காலி அன்று பயிற்சிக்காகக் கிருஷ்ணகிரி போயிருந்தார்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். குழு வருகிறது என்று தகவல் வந்தால் தலைமையாசிரியர் செய்யும் முதல் வேலை, ஆய்வுப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரையும் குத்தி, மீதியைக் காலியாக எடுத்து வைப்பது. வருகிறவர்களுக்கு அவசரம். அன்றைக்கே நான்கைந்து பள்ளி பார்க்க வேண்டும். ஜீப்பில் போகும்போது நிரப்பிக்கொள்வார்கள். இதை நாங்கள் மரியாதை என்றே நினைத்திருந்தோம். டீயுடன் பிஸ்கட், படிவத்துடன் கையெழுத்து.

குழு நான்காம் வகுப்புக்குப் போனது. ஸ்டூல் என் அறையின் மூலையில்தான் இருந்தது. நான் அதை எடுத்துப் போடவில்லை. மறந்துவிட்டேன் என்று அப்போது சொன்னேன். பயந்துவிட்டேன் என்று இப்போது எழுதுகிறேன்.

முதல் பெஞ்சில் இருந்த ஜித்துவிடம் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். ஒடிசாவிலிருந்து வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது அவனுக்கு. தாளைப் பார்த்தான். அதிகாரியின் ஷூவைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்து நன்றாகச் சிரித்தான். சிரிப்புக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. வாசலில் நின்ற ஜீப் புகை விட்டுக்கொண்டிருந்தது. நான்கு நிமிடம். ராகி பிஸ்கட்டைக்கூட முழுதாகத் தின்னவில்லை.

பத்து நாளில் நாகவேணி டீச்சருக்கு மெமோ வந்தது. 'வகுப்பறை நிகழ்வை நாற்பது நிமிடம் முழுமையாகக் கவனித்ததில்' என்று ஆரம்பித்து, மாணவர்க்கு அடிப்படை வாசிப்புத் திறன் இல்லை, நடவடிக்கை ஏன் எடுக்கக் கூடாது என்று முடிந்தது. அலுவலகத்தில் பேச்சு என்னவென்றால், அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம், நாளைக்கு இரண்டே பஸ் போகிற ஒரு மலைப் பள்ளிக்கு அவரை மாற்றப் போகிறார்கள் என்பது. டீச்சருடைய கணவர் ஷிஃப்ட் வேலைக்காரர். பன்னிரண்டு வயதில் ஒரு மகள் எங்கள் பள்ளியிலேயே படித்தாள். மலைக்குப் போனால் டீச்சர் அங்கே, வீடு இங்கே.

விஷயம் தெரிந்ததும் முக்காலி செய்த முதல் காரியம், ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நான்காம் வகுப்புக்குப் போனது. மூன்று நாள் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், நீங்க எனக்காகப் பேச வந்தீங்களா, என்னை விசாரிக்க வந்தீங்களா?"

"ரெண்டுந்தாங்க டீச்சர்."

"நான் ஏற்கெனவே வெந்து போயிருக்கறேன்."

"தெரியுதுங்க. நல்லா நடத்துறீங்க, அதுல சந்தேகமில்ல. ஆனா எந்தப் பையன் எப்ப வந்தான், வரும்போது என்ன தெரியும், இப்ப என்ன தெரியும்னு ஒரு நோட்டு இல்லையே. எல்லாம் உங்க தலைக்குள்ள இருக்குது. தலைய நான் ஆபீசுக்குக் கொண்டுபோக முடியாதுல்ல?"

டீச்சர் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு நோட்டு வாங்கினார்.

அதன் பிறகு முக்காலி என் அறைக்கு வந்தார். மெமோவோடு இணைத்திருந்த படிவத்தின் நகலை மேசையில் வைத்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"இந்தக் கையெழுத்து யாரோடதுங்க எச்செம் சார்?"

"என்னோடதுதான்."

"நாப்பது நிமிசம் பாத்தாங்கன்னு மேல எழுதியிருக்குது. நீங்க சாட்சி."

"நாலு நிமிசந்தான் சார் பாத்தாங்க."

"கையெழுத்துப் போட்டப்ப மேல என்ன இருந்துச்சு?"

ரோஜாக் கூடாரத்திலிருந்து காற்று வந்தது. அன்றைக்குப் பார்த்து நல்ல மணம்.

"ஒண்ணும் இல்ல சார். காலி."

"அத எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தால் டீச்சருக்கு நல்லது. எனக்கு என்ன ஆகும் என்பதும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். காலிப் படிவத்தில் முத்திரை குத்திக் கொடுத்த தலைமையாசிரியர் என்று நானே என்னைப் பற்றி எழுதிக் கொடுப்பது அது. வட்டாரத்தில் எல்லாரும் செய்வதுதான். ஒருவரும் எழுதிக் கொடுத்ததில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ராமநாயக்கன் ஏரிக்கரையில் நடந்தேன். டீக்கடையில் உட்கார்ந்தேன், எழுந்தேன். கையெழுத்து என்பது என்ன, ஒரு மனிதன் நான் இங்கே இருந்தேன் என்று சொல்வது. நான் இல்லாத இடத்தில் எத்தனை முறை இருந்திருக்கிறேன் என்றெல்லாம் தோன்றியது. தோன்றியதை எல்லாம் எழுதினேன். ஞாயிறு மாலைக்குள் இரண்டு பக்கம். திங்கள் காலையில் முக்காலியிடம் கொடுத்தேன். கணக்குத் தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"மேகம் எதுக்கு சார் இதுல?"

"அது ஒரு உவமை."

"ஏரி?"

"அங்கதான் யோசிச்சேன்."

"ஆபீசுக்கு நீங்க எங்க யோசிச்சீங்கன்னு வேணாம்ங்க." அடித்துக்கொண்டே போனார். கடைசியில் இரண்டு வாக்கியம் நின்றது. படிவம் காலியாக இருக்கும்போதே நான் கையொப்பமிட்டு முத்திரையிட்டேன். குழு வகுப்பில் இருந்தது நான்கு நிமிடம். வாழ்க்கையில் நான் எழுதியவற்றில் யாரோ ஒருவருக்கு உதவிய ஒரே இரண்டு வரி அவைதான்.

அந்த இரண்டு வரியோடு, மறு ஆய்வு வேண்டும், முழுப் பாடவேளையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று சங்கம் மனு கொடுத்தது. வட்டாரத்துக்குப் புதிதாக வந்திருந்த ஓர் அதிகாரி அம்மாள் வந்தார். ஜீப்பை அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். முக்காலிக்கு அதிலேயே பாதி ஏமாற்றம். சண்டைக்குத் தயாராக வந்த ஆள்.

"உக்காருங்கம்மா. பாடம் நாப்பது நிமிசம்."

"உட்காரத்தானே வந்தேன்," என்றார் அந்த அம்மாள். மூன்று மொழியும் வீணாயிற்று.

பாடம் நடந்தது. நடுவில் அவர் ஜித்துவைக் கூப்பிட்டு அதே போன்ற ஒரு தாளைக் கொடுத்தார். அவன் வந்து அப்போது இரண்டரை மாதம் ஆகியிருந்தது. ஜித்து 'ம'வைக் கண்டுபிடித்தான். 'ழை'யில் நின்றுவிட்டான். பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்தான். அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் சுவரைப் பார்த்தார். யாரும் சொல்லித் தரவில்லை. வெளியே ஒரு கம்பெனி பஸ் போனது, இன்னொன்று போனது. பிள்ளையின் விரல் ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்கு, வழுக்குப் பாறையில் கால் வைப்பது போலப் போய்க்கொண்டிருந்தது. நான் வராந்தாவில் நின்றேன். எனக்குச் சட்டை நனைந்துவிட்டது.

"மழை வந்தது," என்றான் ஜித்து. பிறகு, கேட்காமலேயே அடுத்த வரி: "மாடு நனைந்தது."

வகுப்பின் கடைசியில் சுவரோரம் நின்றிருந்த முக்காலி, மணிக்கட்டைப் பார்த்தபடி சாதாரணமாகச் சொன்னார்:

"நாலு நிமிசம் ஆச்சுங்கம்மா. போன தடவ மொத்த ஆய்வே அவ்ளோதான்."

அந்த அம்மாள் அதற்குச் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. எழுதினார். மணி அடிக்கும் வரை எழுதினார். ஆசிரியரின் முயற்சி நன்று. வந்த நாளிலிருந்து பிள்ளையின் முன்னேற்றம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் வீட்டுப்பாடம் ஒழுங்காகத் திருத்தப்படவில்லை. நாகவேணி டீச்சர் அதை வாசித்துவிட்டு, "அது நெசந்தான்," என்று கையெழுத்துப் போட்டார். நிரப்பிய படிவத்தில், எல்லாருக்கும் கடைசியாக, நான் கையெழுத்துப் போட்டேன். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாக வாசித்துவிட்டு. அதற்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.

டீச்சரின் மெமோ ரத்தானது. மலைக்குப் போகவில்லை. அடுத்த வாரம் எனக்கு மெமோ வந்தது.

முக்காலியிடம் கொண்டு போனேன். கொஞ்சம் நம்பிக்கையோடுதான்.

"சங்கம் பேசாதுங்க எச்செம் சார்."

"நீங்க சொல்லித்தானே சார் எழுதிக் குடுத்தேன்?"

"நெசத்த எழுதச் சொன்னேன். வெத்துத் தாள்ல கையெழுத்துப் போடச் சொல்லலீங்களே." மெமோவை என்னிடமே திருப்பிக் கொடுத்து, "செஞ்சது தப்புதான? தப்புக்குப் பேசுனா அப்புறம் டீச்சருக்குப் பேசுனதும் வெறும் பேச்சாயிடும்," என்றார்.

மனை விற்ற ஆசிரியர் என்னைத் தேடி வந்து, "சொன்னேன்ல? அந்தாளு அப்படித்தான்," என்று துக்கம் விசாரித்துவிட்டு, சூளகிரிப் பக்கம் நல்ல கார்னர் மனை ஒன்று இருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

விசாரணை கிருஷ்ணகிரியில். காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அது ஒரு நீண்ட வராந்தா. விசாரணைக்கு வந்தவர்கள் உட்கார அங்கே ஒன்றும் கிடையாது. நின்றுகொண்டிருப்பதும் விசாரணையில் சேர்த்திதான் போலிருக்கிறது. பத்தரை ஆயிற்று. என் முழங்கால், ஜீப் சத்தத்துக்கு நிமிர்ந்து பழகியது, இப்போது உட்கார இடம் கேட்டது. படிக்கட்டில் இரும்பு தட்டும் ஒலி கேட்டது. பச்சை நிறம் முதலில் தெரிந்தது. பின்னாலேயே அவர்.

"சங்கம் வந்துருக்கா சார்?" என்றேன்.

"சங்கம் வரல. ஸ்டூல் வந்துருக்குது," என்றார் முக்காலி. சுவரோரம் போட்டார். துண்டால் துடைத்தார். "உக்காருங்க."

அலுவலக உதவியாளர் ஓடி வந்தார். "இங்க அதெல்லாம் போடக் கூடாதுங்க."

"எந்த ரூல்ல போட்டுருக்குது? காட்டுங்க, எடுத்துடறேன்."

உதவியாளர் அதைத் தேடப் போனார். திரும்பி வரவில்லை.

என்னைக் கூப்பிட மூன்று மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் நான் மூன்றாம் வகுப்பு உயரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என் விஷயமாக ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம் ஏறவே மாட்டேன்கிறது என்று மட்டும் சொன்னார். பிறகு உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன்; இந்த முறை எழுப்ப யாரும் தேவைப்படவில்லை. அவர் துண்டை ஸ்டூலின் மேல் விரித்தார், ஷிஃப்ட் பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடுவார்களே, அதே மாதிரி.

"போயிட்டு வாங்க சார். எடம் புடிச்சு வெக்கறேன்."

உள்ளே என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்பது மறந்துவிட்டது. பணிப்பதிவேட்டில் ஒரு வரி ஏறியது, இன்னும் இருக்கிறது. முக்காலி இப்போது மத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இருக்கிறார். அங்கேயும் அதிகாரிகள் உட்காருகிறார்கள் என்று கேள்வி. எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது, அந்த நீண்ட வராந்தாவில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது.